புதுக் கூலர் மாட்டியும் சிபியு கொதிக்கிறதா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவின் கணினிக் கடைகளுக்கு அரை மணி நேரப் பயணம்தான். ஆனாலும் கணினியின் மூளையான சிபியுவைக் குளிர்விக்கும் கூலரை மாற்றுவதற்காக யார் கணினியைத் தூக்கிக்கொண்டு போவார்கள்? இணையத்தில் வாங்கி வீட்டிலேயே மாட்டிவிடுகிறார்கள். அப்புறம் செய்தி வரும்: "அண்ணே, பழைய கூலரே தேவலாம் போல, இது 95 டிகிரிக்குப் போகுது." உடனே இதைவிடப் பெரிய கூலர் தேட ஆரம்பிப்பார்கள். முதல் தவறு அதுதான்.

சூடு எவ்வளவு என்பதோடு, எப்படி ஏறுகிறது என்றும் பாருங்கள். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்து, சிபியுவுக்கு முழுச் சுமை கொடுக்கும் சினிபெஞ்சை ஓடவிடுங்கள். கண் இமைப்பதற்குள் உச்சத்துக்குத் தாவுகிறதா? கணினியை அணைத்துவிட்டு கூலரின் உலோகப் பாகமான ஹீட்சிங்கின் தகடுகளைத் தொட்டுப் பாருங்கள். சிபியு 95 காட்டியும் தகடு சில்லென்று இருந்தால், சூடு மேலே வந்து சேரவே இல்லை. பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறி, தகடும் சுட்டால், வந்த சூடு பெட்டியை விட்டு வெளியேறவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்.

முதல் வகைதான் அதிகம். ஹீட்சிங்கின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது கேலிக்குரிய தவறாகத் தெரியும்; அனுபவசாலிகளும் மறக்கிறார்கள். அடுத்தது பேஸ்ட், அதாவது சிபியுவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பூசும் பசை. ஒருமுறை மாட்டிக் கழற்றிய பேஸ்ட்டின் மேல் அப்படியே மறுபடி உட்காரவைத்தால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். கொஞ்சம் கூடினால் பாதகமில்லை. குறைந்தால்தான் தொல்லை.

ஸ்குருவை ஒரு மூலையில் முழுக்க முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றிலும் சில சுற்றுகள் என்று மாறி மாறி முடுக்க வேண்டும். இன்டெலோடு வரும் கூலரில் ஸ்குருவுக்குப் பதில் அழுத்து முள்கள். அவற்றின் தலையிலுள்ள அம்புக்குறி கழற்றும் திசையைக் காட்டுவது, பூட்டும் திசையை அல்ல. இதைப் புரிந்துகொள்ளாததால் நான்கில் ஒரு முள் தொங்கும், ஒரு ஓரம் தூக்கி நிற்கும்.

பழைய கூலரைப் புது மதர்போர்டுக்கு மாற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இன்டெல் சிபியு உட்காரும் சாக்கெட்டுகளில், எல்ஜிஏ 1200-இல் கூலர் மாட்டும் ஓட்டைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். எல்ஜிஏ 1700-இல் 78. அதோடு 1700-இல் சிபியு சற்றுத் தாழ்வாக உட்காரும். எப்படியோ இழுத்து மாட்டிவிட்டாலும் போதிய அழுத்தம் கிடைக்காது. அதற்கென்று உள்ள பிடிமானத்தைத் தனியாக வாங்குங்கள்.

சரிபார்க்கக் கழற்றும்போது ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் அவசரப்படாதீர்கள். பேஸ்ட் இறுகியிருந்தால் சிபியுவும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியிலுள்ள முள்கள் வளையும். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, அணைத்து, இளஞ்சூட்டில் லேசாகத் திருகியபடி எடுக்கலாம்.

இரண்டாவது வகை காற்றோட்டம். காத்தாடி தவறான பக்கம் திரும்பி நிற்கிறதா, அதன் வயர் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் முன்வலையையும் பாருங்கள். சாமி மேடைக்குப் பக்கத்தில் கணினி வைக்கும் வீடுகளில் சாம்பிராணிப் புகையும் தூசியும் சேர்ந்து வலையை அடைத்துவிடும். பக்கவாட்டுக் கதவைத் திறந்ததும் சூடு நன்றாக இறங்கினால் கூலர்மேல் குற்றமில்லை.

யூடியூப்பில் ஒருவர் 70 டிகிரி காட்டினால் நமக்கும் 70 வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. அவர் இருப்பது 22 டிகிரி ஏர்கோன் அறையாக இருக்கலாம். தகரக் கூரையின் கீழ் மதியம் இரண்டு மணிக்கு நம் அறை 33. அந்தப் பதினொரு டிகிரியும் ஏறக்குறைய அப்படியே சிபியுவிலும் ஏறும். காத்தாடி வைத்த எந்தக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்றால், சிபியு எத்தனை வாட் மின்சாரம் இழுக்கிறது என்று பாருங்கள். சில மதர்போர்டுகள் புதுக் கூலர் எந்த வகை என்று பயோஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், கேட்கும். பெரியதைத் தேர்ந்தெடுத்தால் மின்சார வரம்பைத் தளர்த்திவிடும். சிபியு முன்பைவிட அதிகம் உறிஞ்சும், அதிக வேகத்தில் ஓடும், சூடு மட்டும் அதே இடத்தில் நிற்கும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் 7700எக்ஸ், 7950எக்ஸ் போன்றவை முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த எண்ணைப் பார்க்க மனம் பொறுக்காவிட்டால் பயோஸில் மின்சார வரம்பைக் குறைக்கும் எக்கோ மோடைப் போட்டுவிடுங்கள். இன்டெல் என்றால் மின்சார வரம்பை அந்தச் சிபியுவுக்குரிய அளவுக்கே திருப்பி வையுங்கள். கேம் விளையாடும்போது பெரிய வித்தியாசம் தெரியாது.