பிக்கே சிகரத்துக்கு நடந்து போவது எப்படி?

எவரெஸ்ட்டைப் பார்க்க, வழக்கமாக நடை தொடங்கும் லுக்லா ஊருக்கு விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நேபாளத்தின் சோலுகும்பு மாவட்டத்தின் தென்பகுதியில், ஷெர்பா ஊர்களுக்கு மேலே, 4,065 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பிக்கே. கயிறு, பனிக்கோடரி எதுவும் வேண்டாம்; கூட்டமும் குறைவு. ஆனால் உயரம் உயரம்தான். முதன்முறை வருபவர்களை இங்கே பாதியில் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அவசரம்தான்.

கிளம்பும் முன்

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் முடிய வானம் தெளிவாக இருக்கும். ஏப்ரலில் ரோடோடென்ட்ரான் பூத்துக் குலுங்கும், ஆனால் மேகம் சீக்கிரம் ஏறிவிடும். மழைக்காலத்தில் அட்டையும் மண்சரிவும் உண்டு, தவிர்த்துவிடுங்கள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். செலவுக்கான நேபாள ரூபாயைக் காத்மாண்டுவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்களுக்கு இடையே பாதைகள் பல கிளைகளாகப் பிரிவதால், உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது நல்லது.

பருத்தி உடை வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, காற்றில் உடம்பு விறைத்துவிடும். உள்ளே கம்பளி, நடுவே ஃப்ளீஸ், வெளியே காற்று புகாத ஜாக்கெட். இறங்கும்போது முழங்காலைக் காக்க இரண்டு ஊன்றுகோல்கள். குடிநீருக்குக் குளோரின் மாத்திரை: போட்டு அரை மணி நேரம் விடுங்கள், தண்ணீர் சில்லென்றிருந்தால் இன்னும் அதிக நேரம்.

1. காத்மாண்டு – தாப் – ஜாப்ரே

ஜீப்பில் தாப் வரை கிட்டத்தட்ட ஒரு முழுப் பகல். மறுநாள் ஜாப்ரேக்கு (சுமார் 2,800 மீ) நடை.

2. ஜாப்ரேயில் இன்னொரு இரவு

பல பயணத் திட்டங்கள் கோட்டை விடுவது இங்கேதான். அடுத்து தங்கும் பிக்கே அடிவார முகாம் சுமார் 3,640 மீட்டரில் இருக்கிறது. அதாவது ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல் ஏற்றம். 3,000 மீட்டரைத் தாண்டியபின் உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. அதனால் பகலில் மேலே சில மணி நேரம் ஏறிவிட்டுத் திரும்பி வந்து ஜாப்ரேயிலேயே தூங்குங்கள். வழியில் ஏதாவது விடுதி திறந்திருந்தால், மறுநாள் அங்கே தங்குவது அதைவிட நல்லது. தலைவலியோடு குமட்டல், தள்ளாட்டம் சேர்ந்தால் அது உயரத்தால் வரும் நோயாக இருக்கலாம்; மாத்திரை போட்டுச் சமாளித்து மேலே ஏறாதீர்கள். இறங்குங்கள், இரவாக இருந்தாலும்.

3. சிகரம்

முகாமிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். விடியுமுன் 4 மணிக்கே கிளம்புங்கள்; காலை ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடக்கூடும். வானம் திறந்திருந்தால் எவரெஸ்ட், மகாலு, கிழக்குக் கோடியில் காஞ்சன்ஜங்கா என வரிசை நீளும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், உள்சட்டைப் பையில் வையுங்கள். ஷெர்பாக்களுக்கு இந்த மலை குலதெய்வம், பிரார்த்தனைக் கொடிகளை மிதிக்காதீர்கள்.

4. ஜுன்பேசிக்கு இறக்கம்

ஒரே நாளில் 1,300 மீட்டருக்கு மேல் இறக்கம், 6–7 மணி நேரம். நிழல் விழும் சரிவில் உறைபனி இருக்கும், கால் விரல்நகம் ஷூ முனையில் இடிக்கும். முந்தைய இரவே நகத்தை வெட்டி, நாடாவைக் கணுக்காலில் இறுக்குங்கள். பௌத்த மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய ‘மணி’ சுவர்கள் வந்தால், அவை உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடந்து போங்கள்.

தங்கும் விடுதியிலேயே இரவு உணவும் சாப்பிடுவதுதான் வழக்கம். அறை வாடகை குறைவாக இருப்பதே அதனால்தான். தால்பாத் (பருப்பும் சோறும்) கேட்டால் மறுபடி பரிமாறுவார்கள். உருளைக்கிழங்கு அடையான ரிகிகுர் கிடைத்தால் விடாதீர்கள். அடுப்பு அவர்களுக்குப் புனிதம், அதில் குப்பை போடக் கூடாது.

ஜுன்பேசியில் ஒரு நாள் கூடுதலாக இருந்தால் துப்தென் சோலிங் மடாலயத்துக்குப் போய் வரலாம், நிச்சயம் போங்கள்.

5. ஃபாப்லு

அடுத்த நாள் ஃபாப்லு. இங்கிருந்து காத்மாண்டுக்கு விமானமும் ஜீப்பும் உண்டு. வானிலை கெட்டால் விமானம் ரத்தாகும், ஆகவே ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன் குறைந்தது ஒரு நாளைக் காலியாக வையுங்கள்.