வெளிநாட்டுப் பிரஜாவுரிமை விழாவுக்குப் போகும் முன்

ஹட்டனில் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. லண்டன், டொரண்டோ, மெல்பேர்ன் போன நம் பிள்ளைகள், அந்நாட்டுப் பிரஜையாகச் சத்தியம் செய்யும் விழா முடிந்த பிறகுதான் கோல் எடுக்கிறார்கள். நேரத்துக்குப் போவது, என்ன உடுப்பது எல்லாம் அழைப்புக் கடிதத்திலேயே இருக்கும். அதில் இல்லாத, நம் ஆட்கள் விடும் தவறுகளைச் சொல்கிறேன்.

இங்குள்ள உரிமையை யோசிக்காமல் சத்தியம் செய்வது

விரும்பி இன்னொரு நாட்டுப் பிரஜையானால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும். கையில் ஐடென்டி (அடையாள அட்டை) இருக்கிறதே என்று சொல்லிப் பயனில்லை. இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழி இரண்டு. அங்கே பிரஜையாகும் முன்பே இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைக்க விண்ணப்பிக்கலாம். இழந்த பிறகு மீளப் பெறவும் விண்ணப்பிக்கலாம். இரண்டையும் பார்ப்பது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். தானாகக் கிடைக்காது. 55 வயது, கல்வி அல்லது தொழில் தகைமை, சொத்து, வைப்புப் பணம் என்று ஏதாவது ஒரு தகுதியைக் காட்ட வேண்டும்.

கொட்டகலைப் பக்கத்து மகள் ஒருத்தி லண்டனில் தாதி. அம்மா அப்பாவைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து வெளியே கொண்டுவர ஒரு துண்டுக் காணி பார்த்தாள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்கத் தடை. இரட்டைப் பிரஜைக்கு அந்தத் தடை இல்லை. காணி உறுதி எழுதும் நொத்தாரிசு சொல்லித்தான் தான் வெளிநாட்டவர் என்பதே அவளுக்குத் தெரிந்தது. காசு அவளுடையது, உறுதி தம்பி பெயரில்.

இதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தம் குடும்பங்களை இரண்டு நாட்டுக்கும் பங்கு போட்டது. மிச்சமிருந்தவர்களுக்கு 1988இலும் 2003இலும் சட்டம் வந்த பிறகுதான் விடிந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்து விட்டால் சரி, அது அவரவர் விருப்பம். தெரியாமல் விடுவதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரமே டிக்கெட் போடுவது

பிரஜையானதும் நிரந்தர வதிவிட விசா முடிந்துவிடும். தேரோ தீபாவளியோ, அந்த நாட்டுப் புதுப் பாஸ்போட் கைக்கு வரட்டும், அப்புறம் வாருங்கள்.

சான்றிதழைப் பார்க்காமல் பைக்குள் வைப்பது

பெயரை அங்கேயே எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போட்டில் ஒரு மாதிரி என்று நம் ஆட்களுக்கு ஏற்கெனவே போதுமான சிக்கல் இருக்கிறது.

ஊரிலிருந்தபடி ஒன்லைன் விழாவில் சேர்வது

கனடா விழா என்றால், அந்நேரம் கனடாவுக்குள் இருக்க வேண்டும்.

பழைய இலங்கைப் பாஸ்போட்டில் வந்துபோவது

கூடாது.