பரணில் கிடைத்த டி-34: பழைய டாங்கி கிட்டை முதல்முறை ஒட்டப் போகிறவர்களுக்கு

அம்மா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே, ஆறாம் வகுப்பில் நான் ஒட்டிய டி-34, இரண்டாம் உலகப் போர்க்காலச் சோவியத் டாங்கியின் பிளாஸ்டிக் மாதிரி. கப்பலில் வேலை பார்த்த மாமா 1987-ல் சிங்கப்பூரில் இருந்து வாங்கி வந்த டமியா நிறுவனத்தின் கிட் அது, அதாவது பாகங்களை வெட்டி ஒட்டி மாடல் செய்யும் பெட்டி. பீரங்கிக் குழல் கோணிக்கொண்டிருந்தது. சக்கரங்கள் பாதி உருகியிருந்தன. பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேல்கூடான டரெட்டின் பக்கவாட்டில், காயாத பசையில் அழுத்திய என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. இப்போதைய விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ரேகைக்கு வெளியே பாதி விரல் நிற்கிறது.

அதே கிட்டைத் திரும்ப வாங்கி, ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒட்டினேன். அன்று செய்த தப்புகள் என்னென்ன என்று இப்போதுதான் புரிந்தது. அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். ஏர்பிரஷ், கம்ப்ரசர் எதுவும் வேண்டாம். தூரிகை போதும்.

படி 1: எதை வாங்குவது

1/35 அளவில், பாகங்கள் குறைவாக உள்ள ஒரு பழைய கிட். புதிதாக வரும் கிட்களில், சக்கரங்களைச் சுற்றி ஓடும் செயினைக்கூட ஒவ்வொரு கண்ணியாகக் கோர்க்க வேண்டும். பித்தளைத் தகட்டில் அரித்தெடுத்த கொக்கிகள் வேறு. முதல் டாங்கியை அதில் ஆரம்பித்தால் இரண்டாவது டாங்கி வராது.

நான் சொல்வது டமியாவின் டி-34/76, 1943 மாடல். ஒரு பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரங்கள், சாய்வான தட்டையான உடம்பு, மேலே அறுகோண டரெட், அவ்வளவுதான். உடம்பு சுமார் 17 செ.மீ. நீளம் வரும், உள்ளங்கையில் அடங்கும். டரெட்டின் இரண்டு வட்ட மூடிகளையும் திறந்துவிட்டால் இரண்டு காது தெரியும். ஜெர்மன் வீரர்கள் அதற்கு மிக்கி மவுஸ் என்றே பெயர் வைத்தார்கள்.

1/35 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு வேடிக்கை. ஜப்பானின் ஷிசுவோகாவில் மர வியாபாரமாக 1946-ல் தொடங்கிய நிறுவனம் டமியா. அவர்களுடைய முதல் டாங்கி கிட், 1961-ன் பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கி. அது மோட்டாரில் ஓடும் பொம்மை. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்குகிற மாதிரி உடம்பை வடிவமைத்துவிட்டு அளந்து பார்த்தால், நிஜ டாங்கியில் 35-ல் ஒரு பங்கு வந்தது. பிறகு உலகமே அந்த அளவைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்துக் கிட்கள் பலவற்றின் அடிப்பாகத்தில் காரணம் தெரியாத ஓட்டைகள் இருக்கும். அவை மோட்டார் காலத்தின் மிச்சம். ஒரு துண்டு பிளாஸ்டிக்கை உள்பக்கமாக ஒட்டி அடைத்துவிடலாம், அப்படியே விட்டாலும் யாரும் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கப் போவதில்லை.

படி 2: மேசை

நல்ல நிப்பர் (வெட்டுக் குறடு) ஒன்று, பிளேடு மாற்றும் கத்தி, ட்வீசர், 400, 600, 1000 எண் உப்புத்தாள், பாலிஸ்டைரீன் பசை, மூன்று தூரிகை. நான் அன்று நகவெட்டியை வைத்தே முழு டாங்கியையும் வெட்டினேன், அது முகத்திலேயே தெரிந்தது. காசு செலவழிப்பதானால் நிப்பருக்குச் செலவழியுங்கள்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். பசையின் ஆவி தலையைச் சுற்ற வைக்கும்.

படி 3: பெட்டியைத் திறந்ததும்

உடனே வெட்ட ஆரம்பிக்காதீர்கள். பாகங்கள் கோத்திருக்கும் சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். அச்சில் இருந்து சுலபமாகக் கழன்று வர எண்ணெய்ப்பசை தடவியிருப்பார்கள். அது இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

பழைய பெட்டி கிடைத்திருந்தால் முதலில் செயினைத் தனிக் கவரில் போடுங்கள். வினைல் செயினில் இருந்து மெல்ல மெல்லக் கசியும் எண்ணெய் போன்ற பொருள், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை வருஷக்கணக்கில் இளக்கிவிடும். என் பரண் டாங்கியின் சக்கரங்கள் உருகியது இதனால்தான். வெயில் சூடு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இன்னொன்று: பாகங்கள் காலியான பிறகு மிஞ்சும் சட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள். கடைசியில் வேண்டும்.

படி 4: வெட்டுவது

அந்தந்தப் படிக்குத் தேவையான பாகத்தை மட்டும் வெட்டுங்கள். மொத்தத்தையும் வெட்டித் தட்டில் கொட்டினால், எண்கள் எல்லாம் சட்டத்தோடு போய்விடும். அப்புறம் எது எது என்று ராத்திரி பூரா தேட வேண்டியதுதான்.

வெட்டு இரண்டு தரம். முதலில் பாகத்தில் இருந்து 2 மி.மீ. தள்ளி. அடுத்து மிஞ்சிய காம்பை ஒட்ட வெட்டி, உப்புத்தாளில் தேய்ப்பது. ஒரே வெட்டில் எடுத்தால் பாகத்தில் குழி விழும். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும், முக்கியமாகப் பீரங்கிக் குழலிலும் சக்கர விளிம்பிலும். கத்தியின் கூர்ப்பக்கத்தைச் செங்குத்தாகப் பிடித்து, கேரட் தோல் சீவுவதுபோல இழுத்தால் அது போய்விடும்.

படி 5: ஒட்டுவது

இந்த வேலையே இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பாலிஸ்டைரீன் பசை பெயருக்குத்தான் பசை. அது பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. இரண்டு விளிம்பும் கரைந்து, ஒன்றோடு ஒன்று கலந்து, ஆவி போனதும் ஒரே பிளாஸ்டிக்காக இறுகிவிடும். வெல்டிங் மாதிரி. ஃபெவிக்விக் அப்படியில்லை. நடுவில் ஒரு தனி அடுக்காக நிற்கும், ஒருநாள் கீழே விழுந்தால் பட்டென்று விட்டுவிடும்.

எங்கள் காலத்தில் இருந்தது டியூப் பசை. அழுத்தினால் வேண்டியதைவிட நாலு மடங்கு வரும், கையை எடுத்தால் சிலந்தி நூல் மாதிரி இழுத்துக்கொண்டே வரும். இன்று மூடியிலேயே சின்னத் தூரிகை வைத்த தண்ணீர்ப் பதப் பசை கிடைக்கிறது. இதை ஒரு பாகத்தில் தடவி அடுத்ததை வைக்கும் பழக்கமே வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இடைவெளியின் ஒரு முனையில் தூரிகை நுனியைத் தொட்டால் போதும். திரியில் எண்ணெய் ஏறுவதுபோலக் கோடு முழுக்கத் தானே ஓடிவிடும். அது ஓடும் பாதையில் உங்கள் விரல் இருந்தால் விரலுக்கு அடியிலும் ஓடும். அந்தக் கட்டைவிரல் ரேகை வந்த கதை அதுதான். விரல் பட்டுவிட்டால் துடைக்காதீர்கள். துடைத்தால் இன்னும் மோசம். ஒருநாள் முழுக்கக் காயவிட்டுத் தேய்த்துக்கொள்ளலாம்.

பீரங்கிக் குழலுக்கு மட்டும் வேறு முறை. இரண்டு பாதியிலும் பசையைக் கொஞ்சம் தாராளமாக வைத்து அழுத்தினால், சேருமிடத்தில் கரைந்த பிளாஸ்டிக் ஒரு கோடாகப் பிதுங்கி வரும். அது வரட்டும். இரண்டு நாள் கழித்துச் சீவித் தேய்த்தால் இணைப்பே தெரியாது. உடம்பில் இடைவெளி விழுந்த இடத்துக்குப் பட்டி பார்க்க வேண்டியதுதான், கார் பட்டறையில் செய்வது போலவே.

சக்கரங்களை ஒட்டியதும் டாங்கியை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். பசை இறுகுவதற்குள் பத்துச் சக்கரமும் கண்ணாடியைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்துச் சரிசெய்யுங்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் முப்பது டன் இரும்பு என்ற எண்ணமே போய்விடும்.

படி 6: டரெட்டுக்கு ஒரு வேலை

டி-34-ன் டரெட் வார்ப்பு இரும்பு மாதிரி சொரசொரப்பாக இருக்கும். போரின் அவசரத்தில் வார்த்ததை வழவழப்பாக்க யாருக்கும் நேரமில்லை. பிளாஸ்டிக் டரெட் அதைவிட நாகரிகமாக இருக்கிறது. மேற்பரப்பில் கொஞ்சம் பசை தடவி, அது இளகியதும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் லேசாகக் குத்துங்கள். ஐந்து நிமிட வேலைதான். சாய்வான உடம்புத் தகடுகளில் இதைச் செய்யாதீர்கள். அவை வார்ப்பல்ல, உருட்டிய தகடு.

படி 7: பெயின்ட்

முதலில் சாம்பல் நிற பிரைமர், ஸ்பிரே டப்பா போதும். தேய்க்கத் தவறிய இடமெல்லாம் அப்போது பல்லிளிக்கும். வெட்கப்படாமல் திரும்பத் தேயுங்கள்.

பச்சைக்கு டமியா அக்ரிலிக்கில் எக்ஸ்எஃப்-61 நாலு பங்கு, எக்ஸ்எஃப்-60 மஞ்சள் ஒரு பங்கு கலக்கிறேன். இது என் கலவை, சட்டமில்லை. ஏன் மஞ்சள் என்றால், 17 செ.மீ. பொருளின் மேல் நிஜ டாங்கியின் பச்சையை அப்படியே அடித்தால் கறுப்பாகத் தெரியும். சின்ன வயதில் ஆவடிப் பக்கம் சரக்கு ரயிலில் டாங்கிகள் போவதைப் பார்த்திருக்கிறேன். தார்ப்பாய் விலகிய இடத்தில் தெரிந்த பச்சை, புழுதியும் வெயிலும் ஏறி, அரைத்த கொத்தமல்லித் துவையல் காய்ந்த நிறத்தில் இருந்தது.

இந்த அக்ரிலிக் சீக்கிரம் காயும். அதே இடத்தில் தூரிகையைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அடியில் இருப்பது உரிந்து வரும். பால் பதத்துக்குக் கரைத்து, ஒரே திசையில் ஒருமுறை இழுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். ஒரு மணி நேரம் கழித்து அடுத்த பூச்சு, குறுக்கே. மூன்று பூச்சில் மூடும். பொறுமை இல்லாதவர்கள் வயேஹோ பெயின்ட் வாங்கலாம், தூரிகைக்கு அது தோது.

சக்கர விளிம்பு ரப்பருக்கு முழுக் கறுப்பு வேண்டாம், சாம்பல் கலந்த கறுப்பு. சக்கரத்தைப் பல்குச்சியில் செருகி, தூரிகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு குச்சியைச் சுழற்றுங்கள்.

படி 8: செயின்

வினைல் செயினின் ஒரு முனையில் குமிழ்கள், மறுமுனையில் துளைகள். குமிழைத் துளையில் செருகி, பழுக்கக் காய்ச்சிய ஸ்க்ரூடிரைவரால் குமிழின் தலையை நசுக்கி உருக்குவது பழைய முறை. அடுக்களையில் அம்மாவின் ஸ்டவ்வில் ஸ்க்ரூடிரைவரைக் காய்ச்சி, செயினையும் தாண்டி மேசை விரிப்பு வரைக்கும் உருக்கியவன் நான். பயமாக இருந்தால் ஊசியும் கறுப்பு நூலும் எடுத்துத் தைத்துவிடுங்கள். தைத்த இடம் சக்கரத்துக்கு அடியில் போகட்டும்.

அடுத்தது, பெரும்பாலோர் கோட்டை விடும் இடம். டி-34-ல் செயினின் மேல்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. செயின் தன் எடையில் தொய்ந்து பெரிய சக்கரங்களின் மேலேயே படிந்து ஓடும். வினைல் செயினோ ரப்பர் பேண்ட் மாதிரி விறைத்து நிற்கும். மேல்பகுதியைச் சக்கரங்களின் தலையில் அழுத்தி, சூப்பர் க்ளூ ஒவ்வொரு சொட்டு வைத்து, துணிப்பந்தைத் திணித்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஃபெவிக்விக்கைத் திட்டினேன் அல்லவா, வினைலுக்கு அதுதான் கைகொடுக்கும். பாலிஸ்டைரீன் பசை வினைலைத் தொடவே தொடாது.

படி 9: ஸ்டிக்கர் அல்ல, டெக்கால்

டெக்கால் என்பது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய எழுத்து, படம். அதை ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் அடியுங்கள். சொரசொரப்பான பெயின்ட் மேல் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும். பிறகு அரை நிமிடம் தண்ணீர், தாளில் இருந்து நழுவியதும் தூரிகையால் நகர்த்தி, பஞ்சால் ஒற்றி எடுப்பது. பழைய பெட்டியில் டெக்கால் மஞ்சளித்திருந்தால், கவரில் போட்டு வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வையுங்கள். மஞ்சள் வெளுத்துவிடும். சோவியத் டாங்கிகளில் ‘ஜா ரோதினு’ என்று எழுதியிருப்பார்கள், தாயகத்துக்காக என்று அர்த்தம். நான் அதைத் தலைகீழாக ஒட்டியிருந்தேன். ஊரில் யாருக்கும் தெரியவில்லை.

மேலே மேட் வார்னிஷ். முடிந்தது.

படி 10: சேறு

எனாமல் பழுப்பை டர்பன்டைனில் டீ நிறத்துக்குக் கரைத்து மூலைகளில் விட்டால், ஆணித்தலையெல்லாம் எழுந்து நிற்கும். காய்ந்ததும், வெளிர் பச்சையைத் தூரிகையில் எடுத்து, துணியில் துடைத்துத் துடைத்துக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாமல் ஆக்கி, விளிம்புகளில் மட்டும் உரசுங்கள். 1970-களில் மோனோகிராம் கிட் பெட்டிக்குள் ஷெப் பெய்ன் என்ற அமெரிக்கரின் டயோரமா (மாடல்களை வைத்து அமைக்கும் காட்சி) குறிப்புத் தாள் மடித்து வைத்திருப்பார்கள். ஒரு தலைமுறை மாடல்காரர்கள் அந்தத் தாளைப் பார்த்துப் பழகினவர்கள்.

சக்கரத்துக்கும் செயினுக்கும் சேறு தாராளமாகவே இருக்கலாம். இந்த டாங்கியின் முதல் நெடும்பயணமே அப்படித்தான். 1940 மார்ச்சில் வடிவமைப்பாளர் மிகயீல் கோஷ்கின், இரண்டு மாதிரி வண்டிகளைக் கார்கிவில் இருந்து மாஸ்கோ வரை பனியில் ஓட்டிக்கொண்டே போனார். அந்தப் பயணத்தில் நிமோனியா பிடித்து, செப்டம்பரில் இறந்துபோனார். போரில் டி-34 இறங்கியதை அவர் பார்க்கவில்லை.

படி 11: ஆன்டெனா

எடுத்து வைத்த சட்டத்தில் ஒரு நேரான துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடரைத் தொடாமல் சுழற்றுங்கள். நடுப்பகுதி பளபளத்துத் தொங்க ஆரம்பித்ததும் சுடரை விட்டு விலக்கி, இரண்டு கையாலும் நிதானமாக இழுங்கள். தலைமுடி பருமனுக்கு நீளும். வேகமாக இழுத்தால் மெலிசு, மெதுவாக இழுத்தால் தடிமன். பத்து விநாடி அப்படியே பிடித்திருந்து, வேண்டிய நீளத்துக்கு வெட்டி உடம்பின் பக்கவாட்டில் ஒட்டுங்கள்.

என்னுடையது அலமாரியில், பரண் டாங்கிக்குப் பக்கத்தில் நிற்கிறது. போன வாரம் தூசி தட்டும்போது மகள் ஆன்டெனாவை உடைத்துவிட்டு, சொல்லாமல் சோபாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். இன்று ராத்திரி இன்னொரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். இழுக்கும் வேலையை அவளிடமே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.