நினைவுக்குறிப்பு எழுத இரண்டு பேனா: இர்வின் யாலோம் காட்டிய வழி

நினைவுக்குறிப்பு எழுத உட்காருகிறவர்களில் பலர் மூன்றாவது பக்கத்துக்குள் நீதிபதி நாற்காலியில் ஏறி அமர்ந்துவிடுகிறார்கள். அம்மா அப்படிச் சொன்னாள், அண்ணன் இப்படிச் செய்தான், நான் பொறுத்துக்கொண்டேன். தீர்ப்பு முடிந்துவிட்டது; அதற்குமேல் படிப்பவருக்கு அங்கே என்ன வேலை?

இதற்கான மருந்தை அமெரிக்க மனநல மருத்துவர் இர்வின் யாலோமிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்கு 1931-இல் வாஷிங்டனில் பிறந்தவர். கீழே மளிகைக் கடை, மேலே வீடு. பின்னாளில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உளவியல் சிகிச்சைப் பாடங்களைக் கதைகளாகவும் நாவல்களாகவும் எழுதிப் புகழ்பெற்றார். தன்வரலாறு 2017-இல்தான் வந்தது. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் 1974-இல் வெளிவந்த அவருடைய நூலில் இருக்கிறது.

எழுத்துத் தடையில் சிக்கித் தவித்த ஓர் இளம் பெண் எழுத்தாளர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். கட்டணம் வேண்டாம் என்றார் யாலோம். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு சந்திப்பும் முடிந்ததும் அங்கே நடந்ததையும், வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போனதையும் எழுதித் தரவேண்டும். யாலோமும் அதே சந்திப்பைப் பற்றித் தனியாக எழுதுவார். இரண்டும் ஒட்டிய உறையில் செயலாளரிடம் போய்ச் சேரும். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றிப் படிப்பார்கள். அந்தக் குறிப்புகளே நூலாயின. அட்டையில் இருவர் பெயரும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு மட்டும் புனைபெயர்.

இதையே நாமும் செய்யப்போகிறோம்.

முதல் படி: சிறிய நிகழ்ச்சியாகப் பாருங்கள்
உங்களோடு இன்னொருவரும் இருந்த நிகழ்ச்சியாக இருக்கவேண்டும். கல்யாணம், சாவு, பாகப்பிரிவினை எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். ஒரு பஸ் பயணம், கடையில் நடந்த பேரம், சாப்பாட்டு நேரத்துச் சின்னச் சண்டை போதும்.

இரண்டாவது படி: அன்றே எழுதி உறையில் ஒட்டுங்கள்
இருவரும் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுங்கள். எழுதும்போது ஒருவரையொருவர் கலந்து பேசக்கூடாது. "நீ அதையும் எழுதினாயா?" என்று கேட்டாலே பயிற்சி கெட்டது. கையால் எழுதுவது நல்லது. கணினியில் எழுதினால் திருத்தத் தோன்றும், திருத்தினால் நாகரிகம் வந்துவிடும். உறைகளை மூன்றாவது ஆளிடம் கொடுத்துவைத்து, குறைந்தது ஒரு மாதம் கழித்துத் திறவுங்கள்.

மூன்றாவது படி: இடைவெளியைத் தேடுங்கள்
முக்கியமான இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். உறைகள் கைமாறியபோது யாலோம் கண்டதைக் கேளுங்கள். நுட்பமானவை என்று அவர் பெருமைப்பட்டு வைத்திருந்த விளக்கங்கள் எதுவும் அந்தப் பெண்ணின் காதில் விழுந்திருக்கவே இல்லை. உடையைப் பற்றி அவர் போகிறபோக்கில் சொன்ன நல்ல வார்த்தை, இரண்டு நிமிடம் தாமதமாக வந்ததற்குக் கேட்ட மன்னிப்பு, தன் கிண்டலுக்கு அவர் சிரித்தது ஆகியவைதாம் அவளுடைய பக்கங்களில் இருந்தன. பேராசிரியருக்கு இது எவ்வளவு உறைத்திருக்கும்! அதை மறைக்காமல் அச்சிட்டாரே, அதனால்தான் அவரை எழுத்தாசிரியராகவும் மதிக்கிறேன்.

உங்கள் இரண்டு பக்கங்களையும் அருகருகே வையுங்கள். நீங்கள் மட்டும் எழுதியதற்குச் சிவப்புக் கோடு. அவர் மட்டும் எழுதியதற்கு நீலக் கோடு. நீலக் கோடுகளில்தான் உங்கள் நினைவுக்குறிப்பு ஒளிந்திருக்கிறது.

நான்காவது படி: மூன்றாவது வரைவு
இனி ஒரே பேனாவால், உங்கள் குரலில் எழுதுங்கள். யார் சொல்வது சரி என்று தீர்க்க முயல வேண்டாம். "எனக்கு நினைவிருப்பது இது, அக்கா இப்படி எழுதியிருக்கிறாள்" என்று அப்படியே நிற்கட்டும்.

அந்த இன்னொருவர் உயிரோடு இல்லை, அல்லது எழுத மறுக்கிறார் என்றால்? அவருடைய பேனாவையும் நீங்களே பிடிக்கவேண்டியதுதான். யாலோமின் வாழ்க்கையிலிருந்தே ஒரு காட்சியை எடுத்துப் பழகுங்கள். அவருக்குப் பதினான்கு வயது. நள்ளிரவு தாண்டித் தந்தைக்கு மாரடைப்பு. "நீதான் அவரைக் கொன்றாய்" என்று தாய் மகனைப் பார்த்துக் கத்துகிறாள். மருத்துவர் வருகிறார். பயந்து நிற்கும் பையனிடம் ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்து, தந்தையின் இதயம் துடிப்பதைக் கேட்கவைக்கிறார். தந்தை பிழைத்தார், தானும் மருத்துவராகவேண்டும் என்ற எண்ணம் மகனுக்கு அன்று வந்தது. மகன் சொல்லி நாம் அறிந்தது இவ்வளவு. இப்போது அதே இரவைத் தாயின் பக்கத்திலிருந்து ஒரு பக்கம் எழுதுங்கள். மருத்துவர் வந்துசேரும்வரை அவள் எங்கே நின்றிருந்தாள், கை என்ன செய்துகொண்டிருந்தது, அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த பிறகு யாரைப் பார்த்தாள்? அவளை நல்லவளாக்க வேண்டிய அவசியமில்லை. கண் மட்டும் அவளுடையதாக இருக்கட்டும். கற்பனையாக எழுதியது கற்பனைதான் என்பது வாசகருக்குத் தெரியும்படி எழுதுங்கள்; "அவள் நினைத்திருக்கலாம்" என்பதற்கும் "அவள் நினைத்தாள்" என்பதற்கும் இடையே உங்கள் நாணயம் இருக்கிறது.

ஐந்தாவது படி: அனுமதி
வெளியிடுவதற்கு முன்பு, சம்பந்தப்பட்டவரிடம் முழுப் பிரதியையும் கொடுங்கள். "உன்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதியிருக்கிறேன்" என்ற சமாதானம் செல்லாது. நோயாளிகளைப் பற்றிய கதைகளை யாலோம் அவர்களுடைய சம்மதத்துடன், அடையாளங்களை மாற்றியே வெளியிட்டார். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், குடும்ப அமைப்பு மூன்றில் இரண்டையாவது மாற்றினால்தான் தெருக்காரர்கள் கண்டுபிடிக்கமாட்டார்கள். சம்பந்தப்பட்டவர் வேண்டாம் என்றால் அந்த அத்தியாயத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போங்கள்.