தெருவின் கதையைத் தெருவுக்கே சொல்வது எப்படி

எங்கள் தெருவின் பழைய கதையைத் தெருக்காரர்களுக்கே சொல்ல நடத்திய முதல் கூட்டத்தில் நான் 54 பழைய படங்கள் காட்டி ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். பின்வரிசையில் ஒருவர் தூங்கியே விட்டார். அதுகூடப் பரவாயில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி ஒன்பதாவது படத்திலேயே கையைத் தூக்கினார். "கடைசியில் கேட்கலாம் பாட்டி" என்று உட்கார வைத்துவிட்டேன். கடைசி வந்தபோது அவர் கிளம்பிப் போயிருந்தார். மறுநாள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். 'பழைய பள்ளிக்கூடம்' என்று நான் காட்டியது தானியக் கிடங்காம். பள்ளி அதற்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கட்டடம். அவர் அங்கே நாலாவது வரை படித்தவர்.

அதிலிருந்து ஒரு மணி நேரக் கூட்டம் என்றால் எனக்கு இருபது நிமிடம், வந்தவர்களுக்கு நாற்பது. படங்கள் பன்னிரண்டைத் தாண்டுவதில்லை.

தொடக்கத்துக்கு மன்னர் காலம் வேண்டாம். எல்லோரும் தினம் கடந்து போகிற ஒன்றை எடுங்கள். நான் நில அளவையராக வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெருவின் வளைவுகள் பிடிக்கும். நேராக வருகிற தெரு ஓரிடத்தில் காரணமில்லாமல் திரும்புகிறதா? பெரும்பாலும் அங்கே ஒரு வாய்க்கால் இருந்திருக்கும், அல்லது இரண்டு வயல்களின் வரப்பு. "இந்த வளைவு ஏன்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அரை நிமிடம் அமைதியாக இருக்கும், பயப்படாதீர்கள். அப்புறம் யாராவது ஆரம்பிப்பார்கள்.

அதற்கு முன் கொஞ்சம் வீட்டுப்பாடம் உண்டு. பழைய நில அளவை வரைபடம் கிடைத்தால் இன்றைய வரைபடத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டுவாரியாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஓர் ஏரி வீட்டுமனைகளாக மாறுவதை அதில் கண்ணால் பார்த்துவிடலாம். பழைய வாக்காளர் பட்டியல், தொலைபேசிப் புத்தகம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு எல்லாமே உதவும்.

பெரியவர்களிடம் கேட்பதுதான் இதில் பெரிய வேலை. நினைவுகளை முறையாகப் பதிவுசெய்து சேர்க்கும் திட்டத்தை 1948-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் தொடங்கினார். நமக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை, கைபேசி போதும். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், பதிவின் முதல் வரியாகத் தேதியையும் பேசுகிறவர் பெயரையும் சொல்லுங்கள். "எந்த வருஷம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஏதோ ஓர் ஆண்டைச் சொல்லிவிடுவார்கள், அதுவும் உறுதியான குரலில். "அப்போது நீங்கள் எந்த வகுப்பு?", "உங்கள் கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா?", "வீட்டில் கரண்ட் வந்திருந்ததா?" என்று கேளுங்கள். கணக்குப் போட்டு ஆண்டை நீங்களே கண்டுபிடிக்கலாம். பொதுவாக மனிதர்களுக்குப் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவை நன்றாக நினைவில் நிற்கும். எழுபது வயதுக்காரரிடம் போன வாரத்தை விட்டுவிட்டு அந்தக் காலத்தைக் கேளுங்கள்.

புகைப்படத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள். அவர்கள் வீட்டிலேயே ஸ்கேன் செய்யுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்று வைத்தால் சிறிய படம்கூடச் சுவரில் பெரிதாகக் காட்டும்போது தெளிவாக இருக்கும். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்கவே கூடாது. பக்கத்தோடு சேர்த்து எடுங்கள். பின்புறம் குறிப்பு எழுதுவதானால் மென்மையான பென்சிலில், ஓரமாக.

ஆனால் கேமரா வைத்திருந்தவர்கள் வீட்டில்தான் படம் இருக்கும். என் முதல் 54 படங்களும் நான்கே வீடுகளிலிருந்து வந்தவை. நான்கும் சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருந்தவர்கள், துணி வெளுத்தவர்கள், கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் யாருமே அதில் இல்லை. அவர்களிடம் படம் கேட்காதீர்கள், கதை கேளுங்கள். காட்ட ஒன்றுமில்லையென்றால் திரையை வெறுமையாக விட்டு அவர்கள் குரலைப் போடுங்கள்.

அனுமதியை இரண்டு முறை வாங்குங்கள்: பதிவு செய்யும்போது ஒருமுறை, ஊர்முன் போடுவதற்கு முதல் நாள் இன்னொருமுறை. பேச்சு வேகத்தில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டையெல்லாம் வெளியே வந்துவிடும். சொன்னவருக்கே மறுநாள் சங்கடமாக இருக்கும்.

கூட்டத்தன்று ஏ0 தாளில், அதாவது ஏறக்குறைய 84-க்கு 119 சென்டிமீட்டரில், பகுதியின் வரைபடத்தை அச்சிட்டு வாசலுக்குப் பக்கத்தில் மேசைமேல் விரித்துவிடுங்கள். வருகிறவர்களிடம் ஒரு ஸ்டிக்கர் கொடுத்து, அவர்கள் முதலில் குடியிருந்த வீட்டில் ஒட்டச் சொல்லுங்கள். பாதி வரலாறு அந்த மேசையைச் சுற்றியே பேசப்பட்டுவிடும். அதைக் குறித்துக்கொள்ள நோட்டுப் புத்தகத்தோடு ஓர் ஆள் அங்கேயே நிற்கட்டும். எங்கள் முதல் மேசையில் ஆள் இல்லை. என்னென்ன போயிற்றோ.

வரைபடத்தில் உறுதியில்லாத எல்லையை முழுக்கோடாகப் போட மாட்டோம், விட்டுவிட்டு வரைவோம். படக்குறிப்பிலும் நான் அதையே செய்கிறேன். ஆவணத்தில் பார்த்ததைச் சாதாரணமாக எழுதுவேன். ஒருவர் சொல்லி மட்டும் தெரிந்ததற்குக் கீழே புள்ளிக்கோடு. தவறு இருந்தால் திருத்தலாம் என்று வந்தவர்களுக்கு அது சொல்லாமலே புரிகிறது.

இரண்டாவது கூட்டத்தில் அதே ஒன்பதாவது படத்தைப் போட்டு, இந்த முறை பாட்டியிடமே மைக்கைக் கொடுத்தேன். "கிடங்கு" என்றார். மூன்றாவது வரிசையில் ஒரு தாத்தா எழுந்து, "கிடங்கெல்லாம் அப்புறம் வந்தது, அதற்கு முன்னால் அது மாட்டுக் கொட்டகை" என்றார். இருவரும் கால் மணி நேரம் விட்டுக்கொடுக்கவில்லை. யாரும் தூங்கவில்லை. அந்தப் படத்தின் கீழே இன்னும் புள்ளிக்கோடுதான் இருக்கிறது.