கடலோரப் பழைய வீடு வாங்கியவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் தெரிந்த தம்பதி போனில் கூப்பிட்டார்கள். கடலைப் பார்த்த பழைய விடுமுறை வீடு, ஊர் மையத்துக்கு நடக்கிற தூரம், வாங்கியாகிவிட்டது. "அடுத்த வாரம் இடிக்க ஆள் வருதுண்ணா, பிளான் அப்புறம் கொடுத்துக்கலாம்" என்றார் கணவர். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

பத்திரம், வில்லங்கம் பார்ப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

அனுமதி வருமுன் இடிப்பது

கடற்கரையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று பல நாடுகளில் சட்டம் இருக்கிறது. ஸ்பெயினின் 1988 சட்டத்தில் பொதுவாக 100 மீட்டர், அப்போதே நகரமாக இருந்த இடங்களில் 20 மீட்டர். இந்தியாவின் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பில், கட்டடங்கள் நிறைந்த நகர்ப் பகுதி என்றால், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்ட விடுவார்கள்.

பழைய வீடு அந்த எல்லைக்குள் நின்றாலும், சட்டத்துக்கு முன்பே கட்டியது என்பதால் பல இடங்களில் கை வைக்க மாட்டார்கள். ஆனால் அந்தச் சலுகை பெரும்பாலும் நிற்கிற கட்டடத்துக்குத்தான். இடித்துவிட்டால் அது வெறும் மனை, வெறும் மனைக்கு இன்றைய விதி.

நாங்கள் இரண்டே நாளில் இடித்து முடித்தோம். அப்புறம் அதிகாரி வரைபடத்தோடு வந்து டேப் பிடித்தபோது, எல்லைக்கோடு பழைய சமையலறையையும் தாண்டிப் பின்பக்கம் போய் விழுந்தது. கட்டுவதற்கு மிஞ்சியது ஒரு கார் நிறுத்தும் அகலம். பழைய வீடு எவ்வளவு பெரியது என்று காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. வாங்கிய விலைக்கும் குறைவாக விற்றேன், இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

அதனால் இடிக்கும் பேச்சுக்கு முன்னால் நிற்கிற வீட்டை அளந்து படம் போடுங்கள், பழைய அனுமதியையும் வரி ரசீதுகளையும் தேடி எடுங்கள். அதே அடித்தளத்தில் திரும்பக் கட்டலாமா, எவ்வளவு மாற்றினால் அது புதுக் கட்டடம் ஆகிவிடும், இரண்டையும் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை எதற்கும் உதவாது.

"ஊர் நடுவில்தானே, மாடி ஏற்றலாம்"

விற்பவர் சொல்வது அது. உயர வரம்பு, கார் நிறுத்த இடம், கழிவுநீர் இணைப்பு மூன்றையும் நீங்களே விசாரியுங்கள்.

உப்பு

சுண்ணாம்பு அடித்த தூண் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சாவியால் தட்டிக்கொண்டே போங்கள், ஓரிடத்தில் 'டொக் டொக்' என்று வெற்றுச் சத்தம் வரும். கடல் உப்பு இறங்கி உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் கான்கிரீட் பிளந்து செதில் செதிலாக விழுகிறது. மேலே பூசி மறைத்தால் அரிப்பு உள்ளே தொடரும். புதிதாகக் கட்டும்போது வெளியே போடும் ஸ்க்ரூ, கைப்பிடிக்கெல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ் கேளுங்கள், 304 கடல்காற்றில் சீக்கிரமே பழுப்புக் கறை காட்டும்.

கடல்பக்க வேலி

கரை நகரும். வேலியை எல்லையாக நம்பாதீர்கள்.

காப்பீடு

விலை பேசும்போதே விசாரியுங்கள்.

அந்தத் தம்பதி ஆளை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள் கூரை ஓடுகளில் பாதியை இறக்கிவிட்டார்களாம். நேற்று தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, சர்வேயருக்காகக் காத்திருக்கிறார்கள்.