கால்பேக் ஓடவே இல்லை, டெஸ்ட் மட்டும் பச்சை

டெஸ்ட் தோற்றுச் சிவப்பாக விழுந்தால் எனக்குக் கவலை இல்லை. தேடிப் பிழையைக் கண்டுபிடித்துவிடலாம். கால்பேக் (வேலை முடிந்ததும் அழைக்கும்படி நாம் கொடுத்துவைக்கும் நிரல்துண்டு) ஓடாமலேயே, தேறியதாகப் பச்சை காட்டும் டெஸ்ட்தான் என்னை அச்சுறுத்துகிறது. மொபைல் செயலிகளில் மாக் ஆப்ஜெக்டுகளை (உண்மையான பகுதிக்குப் பதிலாக நிற்கும் போலிகளை) வைத்து, நிரலின் சிறு பகுதியைத் தனியே சோதிக்கும் யூனிட் டெஸ்ட் எழுதும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கே வந்துதான் முடிகின்றன.

பயனரின் விவரங்களைச் சர்வரிலிருந்து கொண்டுவரும் ரெப்போசிட்டரி ஒன்று இருக்கிறது. சர்வருடன் பேசும் பகுதிக்குப் பதிலாக மாக்கிட்டோ என்ற நூலகத்தில் செய்த ஒரு மாக்கை வைக்கிறோம். ரெப்போசிட்டரியிடம் கொடுக்கும் கால்பேக்கின் உள்ளேயே, பெயர் சரியாக வந்ததா என்று பார்க்கும் அசெர்ட் வரியை எழுதிவிடுகிறோம். ஓட்டினால் பச்சை. ஆனால் அந்த மாக், நாம் சொல்லிக்கொடுக்காத எதையும் செய்யாது. தன்னை அழைத்தார்கள் என்று குறித்துக்கொண்டு திரும்பிவிடும். கால்பேக்கை யாரும் அழைக்கவில்லை, அசெர்ட் வரியும் ஓடவில்லை. எக்ஸெப்ஷன் (ஓட்டத்தை முறிக்கும் பிழை) எதுவும் எழாததால், டெஸ்ட்டுகளை ஓட்டும் ஜேயூனிட் அதைத் தேறியதாகவே கணக்கிடுகிறது.

அசெர்ட்டைக் கால்பேக்குக்கு வெளியே கொண்டுவாருங்கள். உள்ளே வந்து சேரும் மதிப்பை ஒரு மாறியில் போட்டுவைத்து, கடைசியில் அந்த மாறியைச் சோதியுங்கள். கால்பேக் ஓடாவிட்டால் மாறி காலியாக இருக்கும், டெஸ்ட் சிவப்பாகும். புதிய டெஸ்ட் ஒவ்வொன்றிலும் எதிர்பார்க்கும் மதிப்பை ஒருமுறை வேண்டுமென்றே தவறாக மாற்றி ஓட்டிப் பார்ப்பது என் பழக்கம். அப்போதும் பச்சை வந்தால் அந்த டெஸ்ட்டுக்குக் கண் இல்லை என்று பொருள்.

அடுத்த தவறு சற்று நுட்பமானது. கால்பேக் ஓட வேண்டுமே என்று, அழைத்த கணத்திலேயே பதிலைத் தந்துவிடும்படி மாக்கைப் பழக்கிவிடுகிறோம். மாக்கிட்டோவில் டூ-ஆன்சர் என்ற மெத்தட் இதற்கு வசதியாக இருக்கிறது. ஆனால் உண்மையான சர்வர் அப்படி உடனே பதில் தருவதில்லை. பட்டியலைக் கேட்டுவிட்டு, கால்பேக் வருவதற்குள் அடுத்த வரியிலேயே அதைத் திரையில் காட்டும் பிழை நிரலில் இருந்தால், உடனடி மாக் அதை மறைத்துவிடும். டெஸ்ட்டில் பட்டியல் நிறைந்திருக்கும், பயனரின் கைபேசியில் காலியாக இருக்கும்.

அதனால் கால்பேக்கைப் பிடித்து வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைக்கிறேன். மாக்கிட்டோவில் ஆர்குமென்ட்-கேப்டர், கோட்லின் மொழிக்கான மாக் நூலகமான மாக்-கேயில் ஸ்லாட் ஆகிய இரண்டும் இதற்காகவே இருக்கின்றன. மாக்கிடம் போய்ச் சேர்ந்த கால்பேக் இப்போது உங்கள் கையில் இருக்கிறது; அதை எப்போது அழைப்பது என்பதை டெஸ்ட்டே முடிவு செய்கிறது. அழைப்பதற்கு முன் 'ஏற்றப்படுகிறது' என்ற அடையாளம் திரையில் தெரிகிறதா? அழைத்த பின் மறைகிறதா? இவ்விரண்டுக்கும் இடையில் பயனர் திரையை மூடிவிட்டால் என்ன ஆகும்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆண்ட்ராய்டில் கைபேசியைத் திருப்பினாலே வழக்கமாகப் பழைய ஆக்டிவிட்டி (திரையை நடத்தும் ஆப்ஜெக்ட்) அழிந்து புதியது பிறக்கும். தாமதமாக வரும் கால்பேக் இல்லாத திரையைத் தொட்டு, செயலியே நின்றுபோகலாம். கால்பேக்கைப் பிடித்து, திரையைப் பிரித்துவிட்டு, அதன் பிறகு அழைத்து, திரையின் எந்த மெத்தடும் தொடப்படவில்லை என்று சரிபார்க்கும் டெஸ்ட்டுக்குப் பத்து வரி போதும்.

வெற்றிப் பாதையை மட்டும் சோதிப்பது எல்லோரும் அறிந்த தவறு. ஆனால் சர்வருடன் பேச உதவும் ரெட்ரோஃபிட் நூலகத்தில் அதற்குள் இன்னொரு குழி இருக்கிறது. அதன் கால்பேக்கின் இரு மெத்தடுகளில் ஆன்-ரெஸ்பான்ஸ் வந்தால் வெற்றி, ஆன்-ஃபெயிலியர் வந்தால் தோல்வி என்று பலர் பிரித்துக்கொள்கிறார்கள். சர்வர் 404 (கிடைக்கவில்லை), 500 (சர்வரில் பிழை) என்று பதில் தந்தாலும் வருவது ஆன்-ரெஸ்பான்ஸ்தான். 204 (வெற்றி, ஆனால் உள்ளடக்கம் இல்லை) வந்தால் உள்ளடக்கம் நல் ஆக, அதாவது மதிப்பே இல்லாததாக இருக்கும். நாமே கோரிக்கையை ரத்து செய்தால்கூட ஆன்-ஃபெயிலியர் அழைக்கப்படும். அப்போது பயனருக்குப் பிழைச் செய்தி காட்டுவது அபத்தம். இவை ஒவ்வொன்றுக்கும் தனி டெஸ்ட் வேண்டும்.

பின்னணித் த்ரெட்டில் (இணையாக நடக்கும் தனி ஓட்டத்தில்) ஓடும் கால்பேக்குக்காக இரண்டு விநாடி தூங்கிக் காத்திருக்கும் டெஸ்ட்டுகளையும் பார்த்திருக்கிறேன். வேகமான கணினியில் அவை நேரத்தை வீணாக்கும், மெதுவான கணினியில் காரணமின்றி விழும். வேலை முடியும் வரை மட்டும் காத்திருக்க உதவும் கவுன்ட்-டவுன்-லாட்ச் மேலானது; ஆனால் கால வரம்பு கொடுத்துக் காத்திருக்கும் அதன் மெத்தட், நேரம் கடந்தால் பொய் என்ற மதிப்பை மட்டுமே திருப்பித் தரும். அதைச் சோதிக்காமல் விட்டால் பழைய கதைதான். வேறு த்ரெட்டில் தோற்கும் அசெர்ட்டும் ஜேயூனிட்டின் காதுக்கு எட்டாது. வேலை எந்த த்ரெட்டில் ஓடும் என்று முடிவு செய்யும் எக்ஸிகியூட்டரை வெளியிலிருந்து கொடுக்கும்படி வகுப்பை அமைத்து, டெஸ்ட்டில் அதே த்ரெட்டில் ஓடும் ஒன்றைக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

கருவிகளின் அமைப்புகளும் ஓடாத கால்பேக்கை மறைக்கும். கணினியில் ஓடும் ஆண்ட்ராய்டு யூனிட் டெஸ்ட்டில் வேலையை ஒரு த்ரெட்டின் வரிசையில் சேர்க்கும் ஹேண்ட்லரைத் தொட்டால், மாக் செய்யப்படவில்லை என்ற பிழை வரும். அதை அடக்க, இயல்பு மதிப்புகளைத் திருப்பித் தரும் கிரேடில் (செயலியைக் கட்டும் கருவி) அமைப்பைச் சிலர் இயக்கிவிடுகிறார்கள். பிழை போய்விடும், ஆனால் ஹேண்ட்லரிடம் ஒப்படைத்த வேலை ஒருபோதும் ஓடாது. சொல்லிக்கொடுக்காத அழைப்பையும் பிழையின்றி விட்டுவிடும் மாக்-கேயின் ரிலாக்ஸ்டு மாக்கும் அப்படித்தான். சொல்லிக்கொடுக்காத அழைப்புக்கு உடனே பிழை காட்டும் மாக்-கேயின் வழக்கமான கண்டிப்பை அப்படியே விட்டுவையுங்கள்.

கோட்லினில் மாக்கிட்டோவின் கேப்டர் நல் தருவதால் டெஸ்ட் தொடக்கத்திலேயே உடைந்தால், மாக்கிட்டோ-கோட்லின் துணை நூலகத்தைச் சேர்த்தால் போதும். ஐஃபோன் செயலிகளுக்கான ஸ்விஃப்ட் மொழியில் பெரும்பாலும் மாக்கை நாமே எழுதுகிறோம்: புரோட்டோகாலை (எந்த மெத்தடுகள் வேண்டும் என்ற வரையறையை) பின்பற்றும் சிறிய வகுப்பு ஒன்று, கால்பேக்காக வரும் குளோஷர்களை ஓர் அரேயில் சேர்த்துவைக்கும். எத்தனை வந்தன என்று எண்ணவும், வேண்டியபோது அழைக்கவும் அது உதவும்.

பிடித்து வைத்த கால்பேக்கை இரண்டு முறை அழைத்தும் பாருங்கள். பழைய கால்பேக்கைக் கோட்லின் கொரூட்டீனாக (இடையில் நின்று பிறகு தொடரும் நிரலாக) மாற்றிய இடங்களில் இது முக்கியம்: ஒருமுறை ரெஸ்யூம் செய்த (தொடரவிட்ட) கன்டினியுவேஷனை, அதாவது கொரூட்டீன் நின்ற இடத்தைக் குறிக்கும் ஆப்ஜெக்டை, மீண்டும் ரெஸ்யூம் செய்தால் இல்லீகல்-ஸ்டேட்-எக்ஸெப்ஷன் எழும்.